எனக்கும் இருக்குதுண்ணா

பூமாலையின் அண்ணன் தமிழழகன் சாராயம் தொடாதவன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும் டிரைவர்களில் அப்படி ஒருவனைத் தேடிப் பிடிப்பது கடினம். பீடி மட்டும் ஓயாது. ஒன்று அணையும் முன்னே அடுத்தது வாயில் இருக்கும். சாராயத்தின் பக்கம் அவன் போகாததற்கு அவர்களுடைய அப்பா பாவாடைதான் காரணம். பாவாடை நாற்பது தாண்டிச் சில வருஷங்களிலேயே காலை இழுத்து நடக்கத் தொடங்கினார். வாய் குழறியது. சாவு வீட்டில் சிரித்தார், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதார். ஐம்பதைத் தொட்டதும் போய்ச் சேர்ந்தார். எப்போதோ ஒருநாள் குடிக்கிற மனிதர்தான். ஆனாலும் மலைச் சரக்கு மூளையை அரித்துவிட்டது என்று ஊர் சொன்னது, வீட்டிலும் அப்படியே நம்பினார்கள். ரிஷிவந்தியத்தில் வாழ்க்கைப்பட்ட அப்பாவின் அக்காளும் அதே மாதிரி வாய் குழறிக் கிடந்துதான் செத்தாள். அவள் குடித்தவள் இல்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட தமிழழகனை, வெள்ளிமலையிலிருந்து லோடோடு இறங்கி வந்த ஒரு பகலில், அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் குடிகாரன் என்று நினைத்து வண்டியைவிட்டு இறக்கினார்கள். கடைசி வளைவில் லாரி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். இறங்கியவன் தள்ளாடினான். பேர் கேட்டால் நாக்கு புரளவில்லை. கருவியை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஒன்றும் காட்டவில்லை. திரும்ப ஊதச் சொன்னபோது காற்று உதட்டோரமாக வெளியே போனது. வயதான ஏட்டு ஒருவர் கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இது போதை இல்லை, வாதம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, தங்கள் ஜீப்பிலேயே ஏற்றிக் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

செய்தி வந்தபோது பூமாலை சேகோ மில்லில் வேலையாக இருந்தாள். களத்தில் பரப்பியிருந்த ஜவ்வரிசி நடு வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. துழாவிக்கொண்டிருந்த பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவள் கணவன் வெற்றிவேல் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்காரன், மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவளும் அவளுடைய சின்ன மகளும் இருந்தார்கள். அவசரம் ஆபத்து என்றால் அண்ணன்தான். பெற்றவர்கள் போனபிறகு அவளைக் கட்டிக்கொடுத்ததும் அவன், பிரசவத்துக்கு மழையில் லாரியிலேயே ஏற்றிப் போனதும் அவன். பஸ்ஸில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி போகிறவரை அவள் மனசு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

தமிழழகனுக்குக் கை கால் திரும்பி வந்தது. பேச்சும் முக்கால்வாசி வந்தது. பிழைத்தோம் என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் அதோடு விடவில்லை. நாற்பத்தோரு வயது ஆளின் மூளையில் இத்தனை வெள்ளைத் திட்டுகள் இருக்கக்கூடாது என்றார். சின்ன வயதில் தலைவலி இருந்ததா என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்திலிருந்தே உண்டு என்றான் தமிழழகன். வலிக்கு முன்னால் கண்ணெதிரே ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்து போகும், அது எல்லோருக்கும் வருவது என்றுதான் நினைத்திருந்தேன் என்றான். அப்பா எதனால் இறந்தார் என்பது அடுத்த கேள்வி. சாராயத்தால் என்று அவன் மனைவி கலையரசி பதில் சொன்னாள். ரிஷிவந்தியத்து அத்தையைப் பற்றிப் பூமாலை சொன்னாள். டாக்டர் இரண்டையும் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்.

புதுச்சேரியில் ரத்தம் எடுத்தார்கள், சோதித்தார்கள், பல வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் பொறுமையானவர். மூவரையும் உட்காரவைத்து, ஆளின் தொழிலைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி சொன்னார்.

"மூளையில மெயின் ரோடு எல்லாம் உங்களுக்கு நல்லா இருக்கு. ஊருக்குள்ள போற சந்துங்கதான் அடைச்சிக்கிட்டே வருது. அந்தச் சின்னக் குழாய்ங்க வழியாத்தான் உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதிக்கு ரத்தம் போவணும். யோசனை, நடை, பேச்சு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற இழைங்க அங்கதான் இருக்கு. ரத்தம் போவலைன்னா அதெல்லாம் பட்டுப்போவும். இது நீங்க தேடிக்கிட்டது இல்ல. உங்க அப்பாகிட்டேயிருந்து வந்தது. அவரும் குடிச்சிக் கெட்டுப்போனவர் இல்ல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்குவதைப் பூமாலை பார்த்தாள். செத்து இருபது வருஷம் ஆன மனிதருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். அப்பாவை ஒருமுறை சந்தையில் எல்லோர் முன்னும் குடிகாரா என்று கூப்பிட்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

நோய்க்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். பீடியை விட்டு, ரத்த அழுத்தத்தை அடக்கி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வாதத்தின் அடுத்த அடியைத் தள்ளிப்போடலாம். பிறகு பூமாலையைப் பார்த்தார். இந்தக் கோளாறு ஒருவருக்கு இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாவாடையின் பிள்ளை என்ற முறையில் அவளுக்கும் உண்டு, தமிழழகனின் மகள் இசைவாணிக்கும் உண்டு. இசைவாணி சின்னப் பெண், பதினெட்டு முடிந்தபிறகு அவளாக முடிவு செய்யட்டும். பூமாலை விரும்பினால் சோதித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றாலும் தப்பில்லை. தெரிந்துகொண்டால் பிறகு தெரியாமல் ஆக்கிக்கொள்ள முடியாது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். பூமாலை தன் மகளை நினைத்தாள். வெற்றிவேலுக்கு போன் போட்டாள். அவன் யோசித்துவிட்டு, உன் மனசு எப்படியோ அப்படிச் செய் என்றான். அடுத்த தடவை போனபோது கையை நீட்டினாள்.

முடிவு வரும்வரை அண்ணன் வீட்டில் நடந்ததுதான் அவளைத் தின்றது. தமிழழகன் வெளியே வருவதை நிறுத்திவிட்டான். சொந்த லாரியை விற்றாகிவிட்டது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கலையரசி திரும்பியதும் துப்பினான். கண்டுபிடித்து அவள் சத்தம் போட்டால், அப்பா மாதிரி ஆவறதுக்கு எதுக்குடி மாத்திரை என்றான். பீடி இரண்டு மடங்கானது. சோறு பாதியானது. இசைவாணி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் அவள் எதிரே போய் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பெண் பயந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்துவிடுவாள்.

பூமாலையின் முடிவைக் கேட்கப் போன அன்று அவனும் கூட வந்தான். நெடுநாளைக்குப் பிறகு சவரம் செய்திருந்தான். பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கு மட்டுந்தான்னா நல்லது பூமா. சாமிகிட்ட அத்தத்தான் கேட்டுக்கினு வரேன். ஆனா ஒண்ணு, தனியா போற மாதிரி இருக்குது. பயமா இருக்குது."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டிப் பழகிய கை. காய்ப்பு இன்னும் போகவில்லை.

டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவளிடம் அந்தக் கோளாறு இல்லை. அவள் மகளுக்கும் அவளிடமிருந்து போக வழியில்லை. கேட்டதும் முதலில் மகளின் முகம் வந்தது. உடம்பெல்லாம் லேசாகி, அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த கணமே கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற அண்ணன் ஞாபகம் வந்து, அதே அழுகை வேறாக மாறிப்போனது. அண்ணனிடம் நான் என்ன சொல்வது என்று கேட்டாள். இது உங்களுடையது, நீங்கள் சொல்லாமல் நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம், இல்லை என்று வருகிறவர்களுக்கும் மனசு கனக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர்.

கலையரசி டீ வாங்கப் போயிருந்தாள். நீளமான அந்த நடையில் இரும்பு நாற்காலி வரிசையின் ஓரத்தில் தமிழழகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அழுது சிவந்த முகத்தோடு அவள் வருவதைக் கண்டதும் எழுந்து நின்றான். எழுந்த வேகத்தில் இடது கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கும் வந்துடுச்சா பூமா?"

இல்லண்ணா என்ற சொல் நாக்கில்தான் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் அவளுக்கான பயம் இருந்தது. கூடவே, தன்னைத் தனியே விட்டுவிடாதே என்கிற கெஞ்சலும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கும் இருக்குதுண்ணா" என்றாள்.

அவன் அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு விம்மினான். டீயோடு வந்த கலையரசி இருவரையும் பார்த்துப் புரிந்துகொண்டு, டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் பூமாலைக்குப் பகீரென்றது. வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், இன்று ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் விடியும்போது தமிழழகன் அவள் வீட்டு வாசலில் நின்றான். செருப்பு போட்டிருந்தான். டாக்டர் நடக்கச் சொன்னாரே, கிளம்பு, இரண்டு பேரும் கோமுகி அணைவரை போய்வரலாம் என்றான். மாத்திரை போட்டாயா என்று அவளைக் கேட்டான். தான் போட்டுவிட்டதாகச் சொன்னான். பீடிக் கட்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டானாம். வழியில் மூச்சு வாங்க நின்று, நான் படுத்துட்டா நீ விழும்போது யாரு தூக்கறது, அதான், என்றான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பார்த்தால் அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், இசைவாணியின் படிப்பைப் பற்றிப் பேசுகிறான். லாரி ஸ்டாண்டில் லோடு பேசிவிடுகிற வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அவள் கொடுத்த பொய்யைக் கோல் மாதிரி ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டான். வாயில் வைக்காத மாத்திரைக்கெல்லாம் அவள் கணக்குச் சொன்னாள். சத்து மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு அவன் எதிரே விழுங்கினாள். கலையரசிக்கும் அவளுக்கும் முன்பு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. இப்போது கலையரசி எதைச் சமைத்தாலும் ஒரு கிண்ணம் இங்கே வந்தது. மாலையில் வந்து உட்கார்ந்து, ஒரே வூட்டுல ரெண்டு பேரையும் இப்படிப் பண்ணிட்டானே சாமி என்று அழுவாள். பூமாலையும் கூட அழுவாள். அந்த அழுகையில் பொய் இல்லை. இருந்தாலும் கலையரசி போனபிறகு தன் கையைத் தானே பார்க்க அவளுக்குக் கூசும்.

வெற்றிவேலுக்கு மட்டும் உண்மை தெரியும். நாளாக ஆகச் சிக்கிக்கொள்வாய், சொல்லிவிடு என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் அவன் சொன்னான். அண்ணன் நன்றாக இருக்கிறான் பாரு என்று இவள் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. இசைவாணி பிளஸ் டூ முடித்துச் சேலத்தில் நர்சிங் சேர்ந்தாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் தமிழழகன் லாரி ஸ்டாண்டில் விழுந்தான். இந்த முறை கை கால் அதிகம் பாதிக்கவில்லை. எழுந்து நடந்தான், பேசினான். ஆனால் சேலத்திலிருந்து ஓடிவந்த மகளைப் பார்த்து, பரீட்சை எப்போது என்று கேட்டான். லாரிச் சாவியைத் தேடினான். காலையில் நடந்தது மதியம் நினைவில் இல்லை. அடி விழுந்த இடம் அப்படி என்றார் புதுச்சேரி டாக்டர். பழையது கொஞ்சகாலம் இருக்கும், புதிதாக எதுவும் தங்காது என்றார். வெள்ளைத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேகம் மாதிரி பரவியிருந்ததைப் படத்தில் காட்டினார்.

பழையவற்றில் எது தங்கும், எது போகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? மகளின் படிப்பு அவனுக்கு மறந்தது. லாரியை விற்றது மறந்தது. தனக்கு நோய் என்பதுகூட மறந்துபோனது, கால் ஏன் இழுக்கிறது என்று கலையரசியைக் கேட்டான். ஆஸ்பத்திரி நடையில் தங்கை சொன்னது மட்டும் மறக்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, தங்கைக்குத்தான் மூளையில் நோய், அவள் அப்பா மாதிரி ஆகப்போகிறாள். அவனிடம் மிஞ்சியது அவ்வளவுதான். அந்தத் துக்கம் ஒவ்வொரு நாளும் அவனுக்குப் புதிதாக விடிந்தது.

வீட்டில் அடங்கவில்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, என் தங்கச்சிக்கு யாராவது நல்ல டாக்டர் தெரியுமா என்று கேட்டான். மளிகைக் கடைக்குப் போய், பூமா வந்தா வெயிட்டு தூக்கவுடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தான். ஒருநாள் எப்படியோ பஸ் ஏறிச் சேகோ மில்லுக்கே வந்துவிட்டான். களத்தில் வெயிலில் நின்ற தங்கையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஜவ்வரிசியின் மேலேயே நடந்து வந்தான். அவள் கையிலிருந்த பலகையைப் பிடுங்கினான். மேஸ்திரியின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இதுக்கு மூளையில நோவு இருக்குதுங்க. வெயில் ஆவாது. இது வேலைய நான் செஞ்சி குடுத்துட்டுப் போறேன். இத்த நிழல்ல உக்கார வையிங்க."

சொல்லிவிட்டு இழுக்கிற காலோடு துழாவ ஆரம்பித்தான். மேஸ்திரி நல்ல மனிதர், பலகையை வாங்காமல் கொஞ்சநேரம் விட்டுவிட்டார். மற்றப் பெண்கள் பூமாலையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. வெட்கத்தால் அல்ல. அவன் முதுகெல்லாம் வேர்வை ஊறி, கால் ஒவ்வொரு முறையும் ஜவ்வரிசியில் கோடு இழுத்துக்கொண்டு போனது. இல்லாத தன் நோய்க்காக அவன் வெயிலில் நடந்துகொண்டிருந்தான்.

அன்று மாலையே கலையரசியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கலையரசி மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்தபிறகும் கொஞ்சநேரம் ஜாரின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"இல்லன்னு தெரிஞ்சிக்கினேதான் எங்கூட உக்காந்து அழுதியா?"

"அண்ணனுக்காகத்தான் அண்ணி."

"உங்க அண்ணனுக்கு சொன்ன, சரி. எனக்கு இன்னாத்துக்கு சொன்ன? உனக்கும் இருக்குதே, உன் பொண்ணுக்கும் எம் பொண்ணு கெதிதானேன்னு நெனச்சித்தான் நான் இத்தினி நாளு மனச தேத்திக்கினு இருந்தேன். இப்ப எம் பொண்ணு மட்டும்னு ஆயிடுச்சே பூமா."

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று கலையரசிக்கு உறைத்தது போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூமாலை அவள் காலடியில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. உள்ளேயிருந்து தமிழழகன், பூமா சாப்பிட்டாச்சா என்று குரல் கொடுத்தான்.

உள்ளே போய் அவன் எதிரே உட்கார்ந்து சொன்னாள். எனக்கு ஒன்றும் இல்லை, அன்று நான் பொய் சொன்னேன், டாக்டர் இல்லையென்றுதான் சொன்னார் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கவனமாகக் கேட்டான். முழுக்கக் கேட்டபிறகு அவள் தலையை மெல்லத் தடவினான்.

"அண்ணன் மனசு தாங்காதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா உன்ன?"

சத்தியம் செய்தாள். கூட வந்திருந்த தன் மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்படியெல்லாம் செய்யாதே, குழந்தைக்கு ஆகாது என்று அவன் அவள் கையை எடுத்துவிட்டான். அன்று அவள் சொன்ன பொய்யைக் கண் மூடி நம்பியவன், இந்த உண்மையை மட்டும் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டு அவளுக்காக இன்னும் கொஞ்சம் அழுதான்.

டாக்டர் வாயால் சொன்னால் நம்புவான் என்று அடுத்த முறை புதுச்சேரிக்கு இருவரும் அழைத்துப் போனார்கள். கலையரசிக்கு அதற்குள் கோபம் ஆறியிருந்தது, அல்லது கோபத்தை வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. டாக்டர் பூமாலை சொன்னதையெல்லாம் கேட்டார். அவளைக் குறை சொல்லவில்லை. தமிழழகனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்க தங்கச்சிக்கு இந்த நோய் இல்லைங்க, நான்தான் டெஸ்ட் பண்ணினேன், வரவும் வராது என்றார்.

அவன் டாக்டரைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். நிஜமாவா, நிஜமாவா என்று கேட்டுக்கொண்டே எழுந்தான். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பூமாலையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, சின்னப் பெண்ணைப் போல உச்சி முகர்ந்தான். வெளியே வந்ததும் எதிரே வந்த நர்ஸிடம், வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம், ஆட்டோக்காரரிடம் எல்லோரிடமும் என் தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லியாம் என்றான். பஸ் நிலையத்தில் அவளுக்கு மல்லிப்பூ வாங்கித் தந்தே தீருவேன் என்று நின்றான். பல வருஷமாகக் காணாத சிரிப்பு. கலையரசியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, இதை அன்றைக்கே இவனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பூமாலைக்குத் தோன்றியது. இல்லையென்ற செய்தி அவனை இன்னும் தனியாக ஆக்கும் என்றல்லவா அன்று நினைத்தாள். அவன் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பான் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

விழுப்புரம்வரை அதே பேச்சாக வந்தான். அதைத் தாண்டியதும் தூங்கிப்போனான். பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தபோது விழித்தான். வெளியே பார்த்தான், எங்கே போகிறோம் என்று யோசித்தான். பக்கத்தில் தங்கையைக் கண்டான். அவள் தலையில் பூ இருப்பதைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல வாடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தல வலிக்குதா பூமா?" என்று கேட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "ஆஸ்பத்திரிலேருந்து வரோமா? பயப்படாத. அண்ணன் இருக்கறேன்."

முன் சீட்டிலிருந்த கலையரசி திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை பூமாலை அந்தத் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்தாள். சில நாள் நம்பி மகிழ்வான், அரை மணி நேரம் நிற்கும். பல நாள் நம்பமாட்டான். கடைசியில் சொல்வதை விட்டுவிட்டாள். அவன் கேட்டால், இன்னைக்குப் பரவாயில்லண்ணா என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் அமைதியாவான்.

இசைவாணி பொங்கலுக்கு வந்திருந்தபோது அத்தை வீட்டில்தான் படுத்தாள். பதினெட்டு முடிந்திருந்தது. நர்சிங் படிக்கத் தொடங்கியிருந்ததால் அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. தலைவலி வந்தால் கண்ணில் வெளிச்சம் தெரிகிறதா என்று பூமாலை கேட்கத் துடித்தாள், கேட்கவில்லை. டெஸ்ட் எடுக்கப்போகிறாயா என்று மட்டும் கேட்டாள். இப்போது இல்லை என்றாள் பெண். படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்குதுன்னு வந்தா அப்பா மாதிரி ஆவேன். இல்லன்னு வந்தா உன்ன மாதிரி ஆவேன். ரெண்டும் வேணாம் அத்த, கொஞ்ச நாளு இப்படியே இருந்துக்கறேன்" என்றாள். பூமாலை அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

போன கோடையில் தமிழழகனுக்கு மூன்றாவது அடி விழுந்தது. பிறகு படுக்கைதான். கலையரசி நூறு நாள் வேலைக்குப் போகிற நாட்களில் பூமாலை வந்து அவனைத் துடைத்து, சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டுப் போவாள். விழுங்குவதற்கே நேரமாகும். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. அதிலும், பூமாவுக்கு எப்படி இருக்குது என்பது தப்பாமல் இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் அவனைவிட்டுப் போய்விடாதா என்று அவள் எத்தனையோ முறை வேண்டியிருக்கிறாள். கெங்கையம்மன் கோயிலில் விளக்கு போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்கவில்லை. பூமாலை ரசம் சோற்றை ஊட்டினாள், வாயைத் துடைத்தாள். அவன் முகம் தெளிந்து கிடந்தது. அவளைக் கண்டதும் நெற்றியில் விழுகிற சுருக்கம் இல்லை. அவளுக்கே நம்பமுடியாத ஒரு நிம்மதி வந்தது. தண்ணீர் கொடுக்கும்போது அவன் அவளை மரியாதையோடு பார்த்தான். பிறகு வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கலையரசியின் பக்கம் திரும்பினான்.

"இவங்க யாரு?" என்றான்.

கலையரசியின் கை நின்றது. "பூமா. உன் தங்கச்சி" என்றாள்.

அவனுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. யோசித்தான், விட்டுவிட்டான். வெயிலில் வந்திருப்பாங்க, உட்காரச் சொல்லு என்கிற மாதிரி ஏதோ குழறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பூமாலை தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தட்டை அதன் கீழே பிடித்தபடி நின்றாள். தண்ணீர் தட்டு நிறைந்து கையில் வழிந்தது. கொஞ்சநேரம் கழித்துக் கலையரசி வந்து குழாயை மூடினாள். தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு பூமாலையின் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள்.